எண்ணெய் படாத இடம்

குடலில் ஆபரேஷன் செய்து, வயிற்றில் போட்ட துளையின் மேல் மலம் சேரும் பை ஒட்டி வாழத் தொடங்கிய புஷ்பபாயை ஒரு வாடை விடாமல் பின்தொடர்ந்தது. ஈஸ்டர் ஆராதனையின் நடுவில் பை கசிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். அதன்பிறகு புஷ்பபாய் சபைக்குப் போகவில்லை. ஆனால் சமையல்கட்டிலும் கிணற்றடியிலும் அந்த வாடை வந்து நின்றது.

துளையைச் சுற்றித் தோல் வெந்து சிவந்தது. குளிக்கும்போதெல்லாம் உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தே பழகியவர், எரிச்சலுக்கு அங்கேயும் தேய்த்தார். எரிய எரிய இன்னும் தேய்த்தார்.

பாறசாலையிலிருந்து வீடு தேடி வரும் நர்ஸ் ஷிஜா, ஒருநாள் பையைக் கழற்றித் தோலைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமி, இஞ்ச என்ன பப்படமா பொரிச்சிய? எண்ண இருந்தா பை ஒட்டாதாக்கும். கசிஞ்சு வாறதுதான் தோலப் பொள்ள வைக்குது."

"எரியுது மக்கா, பின்ன நான் என்ன செய்ய?"

"வெறும் வெள்ளத்துல கழுவி, ஒத்தி எடுத்து, நல்லா உணங்குன பொறவு ஒட்டுங்க. ஒட்டிட்டு கொஞ்ச நேரம் கைய வச்சு அமர்த்துங்க. அது போரும்."

மூன்று வாரத்தில் தோல் ஆறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பபாய் சபையின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஜெபத்தின் நடுவே பக்கத்தில் இருந்தவள் சேலைத்தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள். குப்பென்று அந்த வாடை வந்தது. புஷ்பபாயின் கை வயிற்றுக்குப் போனது. பை அசையாமல் ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் காய்ந்திருந்தது.

பக்கத்துக்காரி தும்மினாள், தலைப்பை இறக்கிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தாள்.

ஆனாலும் ஆராதனை முடியும் வரை புஷ்பபாய் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.