மாமாவின் செயின் சோ

மற்றவர்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பீங்கான் கோப்பைகளும் பிள்ளைகள் போட்டிகளில் வாங்கிய கிண்ணங்களும் இருக்கும். எங்கள் வீட்டில் மரம் அறுக்கும் மெஷின் இருந்தது. கண்டி மஹய்யாவயில் எங்கள் வரிசை வீடுகளுக்கு யார் புதிதாக வந்தாலும், எங்கள் ஹாலுக்குள் எட்டி அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அது மாமாவின் செயின் சோ. மாமா என்றால் என் அப்பாவின் அக்கா புருஷன். கண்டியைச் சுற்றி வீட்டுக் கூரைகளின் மேல் சாய்ந்து நிற்கும் மரங்களை, ஓர் ஓடுகூட உடையாமல் இறக்கித் தருவதுதான் அவர் தொழில். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தை ஒரு சூட்கேசுடனும், உரச் சாக்கில் சுற்றிய அந்த மெஷினுடனும் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். மெஷின் அவளுடைய கட்டிலுக்கு அடியில் போனது. வெகுநாள் அங்கேயே கிடந்தது. கூட்டும்போது அம்மா மட்டும் விளக்குமாற்றால் அதை இடித்து முணுமுணுப்பாள்.

அப்பா கடுகண்ணாவையில் ஒரு கராஜில் மெக்கானிக். பழுதாய்ப்போன எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஒரு நாள் அந்தச் சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அத்தையிடம், “புதுசு மாதிரி ஆக்கித் தாறேன் பாருங்க அக்கா” என்று மட்டும் சொன்னார். அத்தை வாசல்வரை போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாடல் உற்பத்தியை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்ததாம். அப்பா கொழும்பில் பழைய சாமான் கடைகளில் தேடினார். கிடைக்காத பாகங்களைத் தானே கடைந்து செய்தார். மழைக்காலம் முடிந்து பள்ளிக்கூட விடுமுறையும் வந்துபோன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் பெட்ஷீட்டால் மூடிக் கொண்டுவந்து இறக்கினார். துணியை எடுத்ததும் எல்லாரும் “ஆ” என்றோம். செம்மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு பல்லும் மின்னியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். அப்பாவின் முகத்தை அப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அத்தை குனிந்து கைப்பிடியைத் தடவினாள்.

“தம்பி, இதுல ஒரு சைக்கிள் டியூப் சுத்தியிருந்துச்சே?”

“அந்தக் குப்பையெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டேன் அக்கா. இது புது ரப்பர். புடிச்சுப் பாருங்க, எவ்வளவு மெத்துன்னு இருக்கு.”

“நல்லா இருக்கு தம்பி” என்றாள் அத்தை. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்பா செய்த வேலைக்கு இன்னும் கொஞ்சம் பாராட்டிப் பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்கே தகராறு தொடங்கியது. தகராறு என்றால் சத்தம் போட்டு அல்ல. எங்கள் வீட்டில் அத்தையும் அப்பாவும் சத்தம் போட்டுக்கொண்டதே இல்லை. அத்தை அதை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். கராஜில் ஓட்டிப் பார்த்தாயிற்று, இனி ஓட்டினால் பெயின்ட் உரிந்துவிடும், உள்ளே ஏதாவது உடைந்தால் உலகத்தில் எங்கேயும் கிடைக்காது என்றார் அப்பா. பெட்ரோல் டாங்கியைக் காயவைத்து, அலுமாரியிலிருந்த கோப்பைகளை வெளியே எடுத்து, நடுத்தட்டில் அதை வைத்தார். கோப்பைகளுக்கு இடமில்லாமல் போனதில் அம்மாவுக்குத்தான் கோபம்.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மறுநாள் காலையில் அத்தை அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“பூசைக்கு வச்ச ஆயுதத்த விஜயதசமியில எடுத்து ஒரு வேலையாச்சும் செய்யணும் தம்பி. சும்மா வைக்கக் கூடாது.”

அப்பா யோசித்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, சங்கிலியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூடினார். “அது போதும்” என்றார். அத்தை சிரித்துவிட்டாள். ஆனால் விடவில்லை. அதன் பிறகும் ஏதாவது சாக்கு வைத்துக் கேட்பாள். பலாமரத்தில் காய்ந்த கிளை இருக்கிறது என்பாள், விறகு ஈரமாக இருக்கிறது என்பாள். நான் அத்தையின் கட்சி. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். அவ்வளவு அழகான மெஷின் ஊமையாக உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், மூன்று நாள் விடாமல் கொட்டிய பிறகு ஒரு பிற்பகல் மழை ஓய்ந்தது. நாங்கள் அப்பாடா என்று கதவைத் திறந்த நேரத்தில்தான் மேட்டில் நின்ற ஈரப்பலா மரம் சரிந்தது. தரை அதிர்ந்தது. கடைசி வீட்டுக் கூரையின் ஒரு மூலையை நசுக்கி, அந்த வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு மரம் விழுந்து கிடந்தது. உள்ளே ஓர் இளம் தாயும் கைக்குழந்தையும். குழந்தை வீரிட்டு அழுவது கேட்டது. பின்பக்கம் மண்திட்டு, ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். யாரோ போன் எடுத்துப் பேசினார்கள். ஊரெல்லாம் மரம் விழுந்து ரோடுகள் அடைபட்டிருக்கின்றன, ஆட்கள் வர நேரமாகும் என்று பதில் வந்தது. “மண்ணு இறங்குது, மண்ணு இறங்குது” என்று உள்ளேயிருந்து அந்தத் தாய் கத்தினாள்.

அத்தை ஓடவில்லை. நடந்துதான் வீட்டுக்குள் போனாள். அலுமாரியைத் திறந்தாள். அம்மா பின்னாலேயே போனாள்.

“அண்ணி, அவர் வரட்டும். உங்களுக்கு இது தெரியாத வேலை.”

“யாரு சொன்னா? அவருக்குத் தோள் வலிக்குற நாள்ல எல்லாம் யாரு வெட்டுனதுன்னு நினைச்ச?”

அம்மா விலகி வழிவிட்டாள். மாமா போகிற இடத்துக்கெல்லாம் அத்தையும் போவாள் என்பது எங்களுக்குத் தெரியும். கயிறு பிடிக்கவும் தேநீர் வைக்கவும்தான் போனாள் என்று நினைத்திருந்தோம்.

அப்பா கருவிகள் வைக்கும் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் பெட்ரோல் கேன் இருந்தது. அத்தை ஒரு போத்தலில் பெட்ரோலையும் ஒயிலையும் கண்மட்டத்துக்குக் கலந்து குலுக்கி ஊற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். மரத்தடியில் மெஷினைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தாள். ஒரு செருமல். இன்னொரு இழுப்பில் அது அலறியது. நான் இரண்டு காதையும் பொத்தினேன். உடனே கையை எடுத்துவிட்டேன். அந்தச் சத்தம் மேட்டில் மோதி எங்கள் வரிசை முழுவதும் உருண்டது.

அத்தை மரத்தை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள். எந்தக் கிளை எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்திருப்பாள். எங்களைத் தூரப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு வெட்டத் தொடங்கினாள். ஈரத் தூள் அவளுடைய கையிலும் நரைத் தலையிலும் அப்பியது. வீட்டில் மாவு டின்னைத் தூக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற அத்தை, அந்தப் பாரத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெட்டி விழுந்த கிளைகளைப் பெண்கள் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். கதவு பாதி திறந்ததும் அந்தத் தாய் குழந்தையை முதலில் வெளியே நீட்டினாள். அம்மாதான் வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே தாயும் நுழைந்து வந்துவிட்டாள். அவள் சேறும் கண்ணீருமாக அத்தையின் காலில் விழப் போக, அத்தை மெஷினை நிறுத்தினாள்.

அந்த நேரம் அப்பா படியேறி மூச்சு வாங்க ஓடிவந்தார். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் செய்தி தெரிந்து, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். படியடிக்கு வரும்போதே சத்தம் கேட்டிருக்கிறது. அவர் பார்வை முதலில் குழந்தைமேல் போனது, அப்புறம் மெஷின்மேல். செம்மஞ்சள் பெயின்டில் நீளமாக இரண்டு கீறல். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

அத்தை அவரைக் கவனிக்கவே இல்லை. மெஷினை ஒரு மரக்குற்றியின் மேல் வைத்துவிட்டு, விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கோப்பையில் பிளேன்டீயோடு வந்தாள். விழுந்த மரத்தருகே வந்து நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கோப்பையில் ஆவி பறந்தது. யாருக்கும் நீட்டாமல் அப்படியே நின்றாள்.

அப்பாதான் பக்கத்தில் போய், “இங்க தாங்க அக்கா” என்று வாங்கினார். ஒரு வாய் குடித்தார். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அம்மா அரைக் கரண்டி சீனி கூடப் போட்டாலே கோப்பையைத் திருப்பி வைத்துவிடுவார். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றே முழுவதும் குடித்தார். அடியில் மிச்சமிருந்ததை நான் விரலால் வழித்து நக்கினேன். பாகு மாதிரி இனித்தது. மாமா தேநீரை அப்படித்தான் குடிப்பார் என்று அம்மா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து.

மறுநாள் அப்பா கீறலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அது கிடக்கட்டும். இனி உங்களுக்கு எப்ப வேணுமோ அப்ப எடுத்து ஓட்டுங்க அக்கா” என்றார். இதற்காக ஒரு வருஷம் கேட்டவள் அத்தை. நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் அவள் டாங்கியைக் கவிழ்த்துப் பெட்ரோலை வடித்தாள். சங்கிலியைத் துடைத்து ஒயில் பூசினாள். கொண்டுபோய் அதே தட்டில் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“என்னா அத்தை இது? இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க. கிளையெல்லாம் இன்னும் அங்கதானே கிடக்கு.”

“வேணாம் புள்ள. இங்கயே இருக்கட்டும்.”

“ஏன்? நல்லாத்தானே ஓடுச்சு?”

அத்தை சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“ஓடுறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள். “அப்புறம் நின்னுருதே.”

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. குறை என்னவென்று தெரிந்துவிட்டால் திருத்துவதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே. நேரே அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, மெஷின் நின்னுருதாம். அத்தை சொன்னாங்க. கழட்டிப் பாருங்க.”

அப்பா கதிரையில் உட்கார்ந்திருந்தார். தன் கை பட்ட வேலையில் குறை என்றால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போகிற மனிதர் அவர். நான் தகரப் பெட்டியை இழுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன். மூடியையும் நானே திறந்துவிட்டேன். அவர் ஒரு ஸ்குரூ டிரைவரைக்கூட எடுக்கவில்லை. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சின்னக் கோளாறைக்கூடத் திருத்தத் தெரியாமல் அப்பா இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.