பணி நிறைவு விழாக்களின் எடிட்டர்

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஒரு மாதத்தில் ஓய்வு பெறுகிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள், மாதத்தின் கடைசி நாளில். அன்று மதியத்துக்கு மேல் பிரிவுக்குப் பிரிவு பேனர் கட்டி, நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, மாலை போட்டு, ஆளைக் காரில் ஏற்றி, பட்டாசு வெடித்துக் குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிக்கோ கோயம்புத்தூருக்கோ லாரி ஏற்றுவதற்குள் டிவிடி கையில் வந்துவிட வேண்டும்.

இந்த வீடியோக்களில் பெரும்பகுதியை எடிட் செய்துகொண்டிருந்தவர் சிலம்பரசன். மெயின் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடசாமி என்பவரின் ஸ்டுடியோ. அதன் உள்ளறையில், ஜன்னலை அட்டை வைத்து அடைத்த இடத்தில் அவருடைய நாற்காலி. சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அப்ரன்டிஸ் கிடைக்குமென்று காத்திருந்து, கிடைக்காமல், கேமரா தூக்க வந்து, எடிட்டிங்கில் உட்கார்ந்தவர். தகப்பனார் பழனிவேல் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சரிந்து விழுகிற கரியை அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போடுவது வேலை.

நான் சிலம்பரசனிடம் போனது 2016-இல். வேலையை விட்டுவிட்டு இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும் நெடுநாள் சுற்றிவிட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய வீடியோவோடு வீடு திரும்பியிருந்தேன். அப்பா அதற்குள் ஓய்வு பெற்று, டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகரில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார். எனக்கு அந்த வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. எடுத்ததை ஒரு படமாக ஆக்கிவிட்டால் மறுபடி கிளம்பிவிடலாம் என்பது என் திட்டம்.

சிலம்பரசன் என் டிஸ்க்கைத் திறந்து பார்த்தார்.

"என்னாங்க இது, குப்பமேடா? நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் டூ, நியூ நியூ ஃபோல்டர். இதுல இமயமல எங்க இருக்குதுன்னு நான் கொடாலி எடுத்துக்கினுதான் வரணும்."

அன்றைக்கு அவர் எடிட்டிங்கே செய்யவில்லை, பெயர்தான் வைத்தார். தேதி, ஊர், எந்த கேமரா என்று ஒவ்வொரு கிளிப்புக்கும். கேமரா தானாக வைக்கிற எண் எல்லா மெமரி கார்டிலும் ஒன்றாக இருக்கும் என்றும், பெயர் மாற்றாமல் விட்டால் ஒருத்தர் கழுத்தில் விழ வேண்டிய மாலை இன்னொருத்தர் கழுத்தில் விழும் என்றும் சொன்னார். அப்படி ஒருமுறை நடந்து, ஒரு ஃபோர்மேன் வீட்டம்மா ஸ்டுடியோ வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கார்டை முதலில் இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே அழிப்பார். பழைய கம்ப்யூட்டர் திணறும் என்பதால் ஒவ்வொரு கிளிப்புக்கும் எடை குறைந்த நகல் ஒன்றைச் செய்து, அதை வைத்து வெட்டுவார். கடைசியில்தான் அசலைச் சேர்ப்பார். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மவுஸைத் தொடவே மாட்டார். C-யை அழுத்தினால் வெட்டு, N-ஐ அழுத்தினால் அதற்கு முன்பக்கத் துண்டு அழியும், M-ஐ அழுத்தினால் பின்பக்கத் துண்டு அழியும். பேச்சுகளைப் படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு வெட்டுவார். அதிகாரி இருமுகிற இடம், மைக் கத்துகிற இடம், "இறுதியாக ஒன்று சொல்லி" என்று மூன்றாவது தடவை சொல்கிற இடம் எல்லாம் போய்விடும்.

இதையெல்லாம்விட அவர் பெருமைப்பட்டது 'பொது' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரைப் பற்றி. கைதட்டல், மாலை, சாம்பார் ஊற்றும் கரண்டி, சிரிக்கும் பெண்கள், பட்டாசுப் புகை. எல்லா விழாவும் ஒரே மாதிரி இருப்பதால் எந்த விழாவிலும் எதையும் செருகலாம். கரி வெட்டுகிற பெரிய இயந்திரம் ஒன்று சூரியனுக்கு முன்னால் திரும்புகிற ஷாட்டும் உண்டு. தொடக்கத்தில் அது, அதன்மேல் பெயர், பின்னணியில் நாதஸ்வரம். துண்டுகளை வரிசையாக அடுக்குகிற டைம்லைன் ஏற்கெனவே காலி அச்சாகத் தயாராக இருக்கும். புது ஆளை உள்ளே வைத்தால் போதும். ஒரு வாரம் பிடித்த வேலை ஒரு நாளில் முடியும்.

"யாருமே கண்டுபுடிக்கலையா?" என்றேன்.

"அவங்க அவங்க மூஞ்சி வருதான்னு பாப்பாங்க. கைதட்டறது எவன் கையின்னு எவன் பாக்கறான்?"

இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. அவை எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எடிட் செய்த ஒரு வீடியோவில், அதிகாரி சால்வை போர்த்தும்போது பின்னால் ஓர் ஆள் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார். வாங்கிப்போன வீட்டார் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாடசாமி கூப்பிட்டுத் திட்டினார்.

"துட்டு குடுக்கவன் மூஞ்சி தெரியணும்லே. சேர் தூக்குதவன் மூஞ்சி எதுக்கு?"

"அது எங்க அப்பாங்க அண்ணே."

மாடசாமி ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்போ ஒங்க அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

விழா நாட்களில் கான்ட்ராக்ட் ஆட்களை வேலையிலிருந்து கூப்பிட்டு நாற்காலி போட, ஜமுக்காளம் விரிக்க, தண்ணீர் கேன் தூக்க வைப்பது வழக்கம். அதனால் பழனிவேல் எல்லா மாதமும் ஏதாவதொரு மூலையில் வந்துகொண்டே இருந்தார். முகம் தெரிகிற இடங்களைச் சிலம்பரசன் வெட்டி எடுத்தார்; மற்ற இடங்களில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெளியே தள்ளினார். பிறகு பெரிதாக்குவதை ஒரு பட்டனில் அமைத்துக்கொண்டார். அழுத்தினால் ஃபிரேம் சுத்தமாகிவிடும்.

மற்றது டிஸ்க் விஷயம். மாடசாமி புது டிஸ்க் வாங்கித் தர மாட்டார். ஆகவே டிவிடி கொடுத்துச் சில மாதம் ஆனதும் சிலம்பரசன் அந்த வேலையை 'கன்சாலிடேட்' செய்துவிடுவார். படத்தில் பயன்பட்ட துண்டு மட்டும் தங்கும், வெட்டிப்போட்டதெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் நிரந்தரமாக அழியும். "இடம் காலி பண்ணாதான் அடுத்த ஆளு உள்ள வர முடியும்" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸைப் பற்றிப் பேசுகிற அதே தொனியில்.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பு பழனிவேல் வேலை செய்த பகுதிக்குக் கான்ட்ராக்டர் மாறினார். பழைய கான்ட்ராக்டர் கேட் பாஸ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பி.எஃப். பிடித்ததாகச் சொன்னாரே தவிர, பழனிவேல் பெயரில் எங்கும் கட்டியிருக்கவில்லை. புது கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கலியமூர்த்தி, பழைய ஆள் என்பதற்கு ஆதாரம் காட்டுகிறவர்களைச் சீனியாரிட்டியோடு எடுப்பதாகவும், மற்றவர்கள் புது ஆட்களாகத்தான் சேர வேண்டும் என்றும் சொன்னார். என்றைக்காவது பெர்மனென்ட் ஆகிற வரிசை ஒன்று வந்தால், அதில் நிற்க இந்தச் சீனியாரிட்டிதான் வேண்டும். பழனிவேல் தன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தது அந்த வரிசைக்காக. அவருடன் வேலை செய்த சாமிக்கண்ணு, பாதுகாப்பு வாரத்தில் பெல்ட் பக்கத்தில் நின்று எடுத்த குரூப் போட்டோ ஒன்றைக் காட்டி உள்ளே போய்விட்டார். அந்தப் போட்டோ எடுத்த நாளில் பழனிவேலுக்கு வாராந்திர விடுப்பு.

அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மெலிந்த, உயரமான மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளறைக் கதவோரம் நின்றார்.

"சிலம்பு, மாசா மாசம் நானும் அங்கதானடா இருந்தேன். உன் பொட்டியில என் மூஞ்சி எங்கனா இருக்கும் பாரு. வருசத்துக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்தீன்னா போதும்."

சிலம்பரசன் தலையாட்டினார். "நீ வூட்டுக்குப் போப்பா. தேடிட்டுச் சொல்றேன்."

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் தேடினோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வருடம், மாதம், பிரிவு, பெயர் என்று அடுக்கி வைத்திருந்ததால் எந்த விழாவையும் உடனே திறக்க முடிந்தது. திறந்ததில் சுத்தமான ஃபிரேம்கள் மட்டும் இருந்தன. பெரிதாக்கியதை நீக்கிவிட்டு அசல் அளவுக்குக் கொண்டுவந்தால் சில இடங்களில் ஒரு முழங்கை வந்தது. ஓரிடத்தில் அடுக்கிய நாற்காலிகளும் அவற்றுக்குக் கீழே இரண்டு கால்களும். முகம் தெரிந்த இடங்கள் எல்லாம் அவர் கையாலேயே வெட்டப்பட்டு, அவர் ஏற்படுத்திய முறைப்படியே அழிந்திருந்தன. 'பொது' ஃபோல்டரையும் பார்த்தோம். அதில் பழனிவேலின் கைகூட இல்லை. கைதட்டுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

"இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன்" என்றார் சிலம்பரசன்.

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டு டிஸ்க் நினைவுக்கு வந்தது. என் அப்பா சங்கரலிங்கமும் அதே சுரங்கத்தில் இருந்தவர்தான். அவருடைய விழாவின்போது நான் ஊரில் இல்லை என்பதால், அம்மா வெட்டாத வீடியோ முழுவதையும் எனக்காகக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். கொண்டுபோய்ப் போட்டோம். பழனிவேல் இருந்தார். நாற்காலி சுமந்து வருகிறார், ஜமுக்காளம் விரிக்கிறார், மைக் ஒயரை ஓரமாக ஒதுக்குகிறார், கேமராவைப் பார்த்து ஒருமுறை சங்கடமாகச் சிரிக்கவும் செய்கிறார். சிலம்பரசன் அந்த இடத்திலேயே நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது ஒரு நாளின் படம்தான். இதோடு என் அப்பா ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் பலமாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் கேட்டேன்.

"பழனியா? நல்ல ஆளு. ஒரு நாள் லீவு போட மாட்டான்" என்றார் அப்பா.

"அதையே எழுதிக் குடுங்கப்பா."

"எனக்கெதுக்கும்மா அந்த வம்பு? நான் வெளியில வந்தாச்சு. இவனுக்கு எழுதினா நாளைக்கு இருபது பேர் வாசல்ல வந்து நிப்பான்."

"நின்னா என்னப்பா? அவங்களும் வேல செஞ்சவங்கதானே."

அம்மா நடுவில் வந்தாள். "வருஷக்கணக்கா ஊரு சுத்திட்டு வந்து அப்பாவுக்கு நியாயம் சொல்லாதே, ஹரிணி." அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். இந்த வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு மண் அடித்தவர்களில் எத்தனை பேர் அப்படிக் கான்ட்ராக்ட் ஆட்கள் என்று நான் கேட்டேன். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை.

கிளிப்பை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு நானும் சிலம்பரசனும் பழனிவேலும் கலியமூர்த்தியிடம் போனோம். அவர் டீ குடித்துக்கொண்டே பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சேர் தூக்கறாரு."

"ஆமாங்க" என்றார் சிலம்பரசன்.

"சேர் தூக்கறது பெல்ட் வேலையா தம்பி? ஹெல்மெட் இல்ல, யூனிபாரம் இல்ல, கட்டம் போட்ட சட்ட. பாத்தா சாமியானா போட வந்தவராட்டம் இருக்குது."

பழனிவேல் குறுக்கிட்டார். "கரி சட்டையோட விழா பக்கம் வராதம்பாங்க சார். அதுக்குன்னு பையில ஒரு சட்ட வெச்சிருப்பேன்."

"நான் சொன்னனா?"

"டூட்டில இருந்தவரக் கூட்டிக்கினு போயித்தான சார் தூக்க வெச்சாங்க?" என்றார் சிலம்பரசன். குரல் உயர்ந்துவிட்டது.

"வெச்சவன் போயிட்டான், அவன்கிட்ட கேளு." கலியமூர்த்தி டம்ளரை வைத்தார். "புது ஆளா வரட்டும், சேத்துக்கறேன். ஆனா போட்டோ ஒட்டி அனுப்பணும். இந்த வயசு தெரியற மாதிரி போட்டோ வெச்சா மேல திருப்பி அனுப்பிடுவாங்க, இப்பவே சொல்லிடறேன்."

திரும்பி வரும் வழியில் சிலம்பரசன் தகப்பனாரிடம் எல்லாவற்றையும் சொன்னார், பட்டனைப் பற்றியும் சேர்த்து. பழனிவேல் கேட்டுக்கொண்டே நடந்தார்.

"முதலாளி சொன்னா வெட்டித்தானடா ஆவணும்" என்றார். பிறகு, "ஒண்ணு ரெண்டு வுட்டு வெச்சிருக்கலாம்" என்றார்.

திட்டியிருந்தால் சிலம்பரசனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பழனிவேல் தலைக்கும் மீசைக்கும் மை பூசிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். சிலம்பரசன் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்துப் படமெடுத்தார். உள்ளறையில் திறந்து, நெற்றிக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். காதோரம் மை படாத நரையைக் கறுப்பாக்கினார். பழனிவேல் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்குக் கீழ தொங்குது பாரு, அதையும் எடு."

"ரொம்ப எடுத்தா ஆளே வேறயாத் தெரியும்பா."

"கேட்டுல எவன் மூஞ்சியப் பாக்கறான்? எடு."

எடுத்தார். கழுத்தில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைக் கேட்காமலேயே விட்டுவைத்தார். பழனிவேல் அதையும் விரலால் காட்டினார். அதுவும் போயிற்று. என் படத்தின் டைம்லைன் பக்கத்துத் திரையில் அப்படியே நின்றிருந்தது. நான் அதை முடிக்கவில்லை.

கலியமூர்த்தி போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதான் சரியா இருக்குது" என்று சொல்லிப் படிவத்தில் ஒட்டிக்கொண்டாராம். சேர்ந்தவர்களின் வரிசையில் பழனிவேல் பெயர் கடைசியாக வந்தது, அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவருடைய ஊர்ப் பையன்கள் நான்கைந்து பேருக்கும் கீழே.