தொம்முக்குப் பிறகு

எங்களுக்குக் கோழி தந்தார்கள். தையல் மெஷின் தந்தார்கள். மெழுகுதிரி செய்யப் பழக்கினார்கள், ஒருமுறை காளான் வளர்க்கவும் சொல்லித் தந்தார்கள். யுத்தம் முடிந்ததும், இயக்கத்தில் சண்டை பிடித்துவிட்டு வந்தவர்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஆளாளுக்கு ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆகவே, "அக்கா, மிருதங்கம் பழக வாங்கோ, மனதுக்கு நல்லது" என்று ஆஸ்பத்திரியில் மனநலப் பகுதித் தாதி கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதுகில் வெடித்த செல்லின் இரும்புத் துண்டுகளை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதில் மிருதங்கம் பழக வேண்டுமாம்.

மகள் அப்படி ஒன்றைச் சொல்லியிராவிட்டால் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் அப்போது திருவிழா. தவில்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. முதல் அடி விழுந்ததும் உடம்பு என்னைக் கேட்காமலே தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மகளை இழுத்து நிலத்தில் விழுத்தி, அவள்மேல் படுத்துவிட்டேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. அன்றுதான் முதல்முதலாகத் தாவணி கட்டியிருந்தாள்.

சனம் விலகி நின்றது. எனக்கு உரு வந்துவிட்டதென்று நினைத்து யாரோ வேப்பிலையோடு ஓடி வந்தார்கள். ஒரு பெண் என் நெற்றியில் திருநீறு பூசி, "அம்மாளாச்சி, என்ரை மகளுக்கு எப்பக் கலியாணம் சரிவரும் எண்டு சொல்லு தாயே" என்று கேட்டாவாம். நானும் மண்ணில் கிடந்தபடி தலையாட்டினேனாம். இதெல்லாம் கணவர் பிறகு சொல்லித்தான் தெரியும். அந்தப் பெண் இன்றைக்கும் என்னைக் கண்டால் கும்பிடுகிறா.

மகளின் முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. அவள் அழவில்லை. வீட்டில் நான் மருந்து போட்டுவிடும்போது, முழங்கையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பள்ளிக்கூட வாணி விழாவில நான் ஆடுறன். மிருதங்கம் வாசிப்பினம். நீங்கள் வராதேங்கோ அம்மா."

வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் அன்று முழுக்கக் குசினியில் சட்டி பானைகளோடு சண்டை பிடித்தேன். சாக வேண்டிய இடங்களிலெல்லாம் தப்பி வந்தவள், பெற்ற பிள்ளை ஆடுவதைப் பார்க்கக் கொஞ்ச நேரம் கதிரையில் இருக்க மாட்டாளா? அவளுக்கு என்னால் வெட்கம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முதுகில் கிடக்கிற துண்டுகளைவிட வலித்தது. இருந்தே காட்டுவது என்று அடுத்த சனிக்கிழமை தாதி சொன்ன மிருதங்க வகுப்புக்குப் போய்விட்டேன்.

வகுப்பு ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. சுவரெல்லாம் முயலும் மயிலும் கீறியிருந்தது. படிப்பிக்கிற மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்சில் வருகிற இளைஞர். யுத்தம் முடிந்தபோது அவரே முன்பள்ளிப் பிள்ளையாகத்தான் இருந்திருப்பார். புதுக்குடியிருப்புச் சண்டையில் ஒரு காலை இழந்த அண்ணர் ஒருவரும், என்னைப்போல இன்னும் சிலரும் வந்தார்கள். அண்ணருக்கு நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க முடியாது. அவருடைய மிருதங்கத்தை மட்டும் ஒரு சின்ன மேசையில் வைத்துக் கொடுத்தார்கள்.

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்ப வேண்டும். அப்போதுதான் சத்தம் கனமாக வரும். வீட்டில் பழகுவதற்கு ஒன்றைத் தந்துவிட்டார்கள். நான் ரவை குழைப்பதைக் கண்ட கணவர், "மிச்சத்தில எனக்கும் கொஞ்சம் உப்புமா கிண்டு" என்றார். அந்த மனிதருக்கு எதற்கும் பதற்றம் கிடையாது. அதனால்தான் என்னோடு காலம் தள்ளுகிறார்.

முதற்பாடம் த, தி, தொம், நம். தொம் மட்டும் இடக்கை. அந்த நாலு சொல்லைக்கூட எங்களால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. த, தி சரியாக வரும். தொம் விழுந்ததும் எல்லோரும் நின்றுவிடுவோம். பிறகு ஒவ்வொருவராக நம் அடிப்போம். மாஸ்டர் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். போனில் டிக் டிக் என்று ஓடவிட்டும் பார்த்தார். "தொம்முக்குப் பிறகு ஏன் நிக்கிறீங்கள்? தாளம் விடுறீங்கள்" என்று பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கோ எரிச்சல் தலைக்கேறியது. என் கைதான் மொக்குக் கை என்று நினைத்தேன். மற்றவர்களும் தங்கள் தங்கள் கையை அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒருநாள் அண்ணர் மிருதங்கத்தைத் தள்ளி வைத்தார்.

"தம்பி, செல் குத்துற சத்தம் கேட்டிருக்கிறீங்களோ? தூரத்தில ஆமிக்காரர் தொம் எண்டு குத்தி அனுப்புவாங்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கேக்காது. அதுக்குள்ள விழுந்து படுக்கோணும். எங்கை வந்து விழும் எண்டு தெரியாது. நாங்கள் தாளம் விடேல்லை. அது விழுமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறம்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் சொல்லும்வரை எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

மாஸ்டர் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பயந்துவிட்டார், இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்து இருந்து, "அண்ணை, அந்த நேரம் மூச்சைப் பிடிக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப கையை விடுவம். வாயால சொல்லுவம். சத்தமாய்ச் சொன்னா மூச்சைப் பிடிக்கேலாது."

அன்றிலிருந்து வாயால் கத்தினோம். தொம் என்று கத்திய கையோடு நம் என்றும் கத்த வேண்டும். முன்பள்ளிக்கு அந்தப் பக்கத்து வீட்டு நாய் எங்களோடு சேர்ந்து குரைத்தது. சில நாட்கள் நான் பாதியில் எழுந்துபோய்ச் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தேன். ஓர் அக்கா வராமலே நின்றுவிட்டா. வருத்தம் சுகமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தொம்முக்கும் நம்முக்கும் நடுவில் இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது, அவ்வளவுதான். வீட்டில் நான் வாசிக்கும்போது மகள் பாடப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து இருப்பாள். அறைக்குள் போய்ப் படி என்றாலும் போகமாட்டாள். வாசிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை.

வாணி விழாவுக்கு வருகிறேன் என்று சொன்னேன். "சரி" என்றாள், தலையை நிமிர்த்தவில்லை.

மண்டபத்தில் கடைசி வரிசையில், வாசலோரமாக இருந்தோம். மிருதங்கத்தின் முதல் தொம் விழுந்தது. என் வாய் நம் என்றது. கணவரின் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன், வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் கதிரையை விட்டு எழும்பவில்லை. மகள் நன்றாக ஆடினாள். கை போகிற பக்கம் கண் போக வேண்டும் என்பார்கள். அவளுடைய கண் மட்டும் எங்கள் வரிசையைவிட்டு அசையவில்லை. எனக்காக ஆடுகிறாள் என்று நினைத்து அழுதேன். அந்தச் சந்தோசத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

திரும்பி வரும்போது அவள் முகத்துப் பூச்சு கலைந்திருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டேன்.

"பாத்தியோ, அம்மா இருந்தனான்தானே?"

"ஓம். நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு ஆடினனான்."

"நான் விழுந்தா வெக்கம் எண்டோ வராதேங்கோ எண்டனீ?"

அவள் நின்றாள். "வெக்கமோ? இல்லையம்மா. மேடையில நிண்டா உங்களிட்டை உடனை வரேலாது. அதுதான் வராதேங்கோ எண்டனான்." பிறகு, கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "இண்டைக்கு மேடை ஏறமுதலே பாத்து வச்சனான். பக்கத்துப் படியால இறங்கினா கதிரையளுக்கு நடுவால ஓடி வரலாம். சலங்கையைக் கழட்டத் தேவையில்லை."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். என்னை ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். இவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.