மண் புளித்திருந்த காலம்

மாமாவின் கறிமிளகாய்ச் செடிகளை நினைத்தால் முதலில் வருவது கடல் வெளிச்சம்தான். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடியில், பால்மா டின்களிலும் உடைந்த வாளிகளிலும் அவை நின்றன. பின்னேரங்களில் கரையோர ரயில் போகும்போது இலைகளெல்லாம் ஒன்றாக நடுங்கும். செடிகள் ரயிலுக்குக் கையசைக்கின்றன என்று நான் நம்பினேன்.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர். வெளிநாடு போகவென்று வந்து விசாவுக்குக் காத்திருந்தார். சண்டை தொடங்கியபின், குண்டு செய்ய உதவுமென்று தடை போட்டதால், ஊரில் உரத்தைக் கண்ணால் காண முடியாது. கொழும்பில் கேட்டவுடன் நிறுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் மாமா செடிகளுக்கு விருந்தே வைத்தார். செடிகள் கரும்பச்சையாய்க் கொழுத்தன; பூக்கள் உதிர்ந்தன. தப்பிப் பிடித்த காய்களோ அடி கறுத்து அழுகின. மாமா இன்னும் கொஞ்சம் உரம் வைத்தார்.

"தம்பி, நீ போறதுக்குள்ள ஒரு காயாவது கறிக்கு வருமே?" என்று அம்மா கேட்பார்.

"விசா முந்தியோ காய் முந்தியோ எண்டு பாப்பம், அக்கா."

ஒருநாள் அழுகிய காயொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாமா நுகேகொடைக்குப் புறப்பட்டார். நானும் போனேன். கடைக்கு, சலூனுக்கு, தபாற்கந்தோருக்கு, எங்கே போனாலும் மாமா என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அவருக்கு என்னில் அவ்வளவு ஆசை என்பது என் எண்ணம்.

விதைக்கடை முதலாளி காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பஸ எம்புல்" என்றார். மண் புளித்துப் போயிற்றாம். மழை மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்; அள்ளிக் கொட்டிய உரம் புளிப்பை இன்னும் ஏற்றியிருக்கும் என்றும் சொன்னார். மாமாவுக்கு இது புதினம். "எங்கட ஊரில கிணத்துத் தண்ணியிலயே சுண்ணாம்பு, பிள்ளை. கேத்திலுக்குள்ள கல்லுப் பிடிக்கும்" என்று சிரித்தார். முதலாளி ஒரு பையில் வெள்ளைத் தூள் கட்டித் தந்தார். டொலமைட், சுண்ணாம்புக்கல்லை அரைத்த மா. மண்ணோடு கலந்து சில கிழமை பொறுக்க வேண்டும். அதன் பிறகுதான் உரம், அதுவும் ஒரு சிட்டிகை.

திரும்பும் பஸ்ஸில், மொட்டைமாடி முழுவதும் புளித்தண்ணீராய் மழை பெய்வதாகக் கற்பனை செய்துகொண்டு வந்தேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன் மாமாவின் அடையாள அட்டையில் ஊரைப் பார்த்தான். பிறகு பையைத் தூக்கினான்.

"மேக்க மொக்கத?" இது என்ன என்று கேட்டான்.

"ஹுணு, மஹத்தயா. மிரிஸ் பெலேட்ட." மிளகாய்ச் செடிக்குச் சுண்ணாம்பு என்றார் மாமா.

அவன் நம்பவில்லை. மற்றவர்கள் ஏற, பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. அப்போது மாமா ஒரு வித்தை காட்டினார். விரலை நக்கி, தூளில் தோய்த்து, வாயில் வைத்து விழுங்கினார். மறுபடியும் அள்ளி விழுங்கினார். வெள்ளை மீசை முளைத்துவிட்டது. நான் கைதட்டிச் சிரித்து, "மாமா, எனக்கும்!" என்றேன்.

மாமா அசையவில்லை. ஆமிக்காரன் மாமாவைப் பார்த்தான். பிறகு நாடியால் என்னைக் காட்டினான்.

மாமா என் நாக்கில் கொஞ்சம் வைத்தார். பள்ளிக்கூடத்துச் சோக்குக்கட்டியின் ருசி. நான் விழுங்கும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். "யன்ன" என்றான். போகச் சொல்லிவிட்டான். வழி நெடுக மாமா என் கையை நோகும்படி பிடித்திருந்தார். கடற்காற்றில் அவர் மீசை மட்டும் மெல்லமெல்லக் கரைந்துகொண்டு வந்தது.

"பிள்ளை நிண்டபடியால்தான் விட்டவங்கள், அக்கா" என்று வீட்டில் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவோ என் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தார்.

டொலமைட் வேலை செய்தது. விசா வருமுன்னே காய்கள் அடி கறுக்காமல் பளபளவென்று தொங்கின. ஆனால் அதன்பின் மாமா என்னை எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் நின்றால், "நீ நில், பிள்ளை" என்பார். இப்போது என் மகள் கடைக்குத் தானும் வருவதாகச் செருப்பைத் தேடும்போதெல்லாம் எனக்கு நாக்கு வறண்டு போகிறது. அப்போதோ, ஏதோ குழப்படி செய்துவிட்டேனாக்கும் என்று கோபித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் தனியே போன மாமா அன்று திரும்பவில்லை. சாவடியில் பிடித்துவைத்து விசாரித்துவிட்டு, மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள். அம்மா அழுதுகொண்டே அவருக்குச் சோறு போட்டார். கறிமிளகாய்க் கறி. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றேன்.

"நான் வந்திருந்தா விட்டிருப்பாங்கள்தானே, மாமா?"

"ஓம் பிள்ளை," என்றார் மாமா. "உடனே விட்டிருப்பாங்கள்."

பிறகு ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை.