நன்றி சொல்லாத சலோமியக்கா

செய்தி வந்தபோது நான் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலில் மணியடிக்கும் தாசு சன்னலோரம் நின்று, "ஏனுங்க டீச்சர், சலோமியக்கா போயிட்டாங்க. களத்துல காப்பிக்கொட்டையைக் கிளறிட்டே இருந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டுவிட்டு இந்தம்மா எப்படி முந்திக்கொண்டு போகலாம்? அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதோடுதான் நம் சபை இதழுக்கு இதை எழுதுகிறேன்.

அக்காவோடு உட்கார்ந்து ஜெபித்த உங்களுக்கும் அவர்மேல் எரிச்சல் இருந்திருக்கும், மறைக்க வேண்டாம். நம் மலையூர் வெள்ளக்கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் என்றால் முதலில் நன்றிச் சுற்று. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்வோம். ஒன்றும் இல்லாவிட்டால் பஸ் நேரத்துக்கு வந்ததற்காவது நன்றி சொல்லிவிடுவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் மிளகு பறிக்கப் போன ஆசீர்வாதம் அண்ணன் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சுற்று அவர் மனைவியிடம் வந்தது. "எனக்கு இந்த வாரம் ஒண்ணுமில்லீங்க. அடுத்தாளு சொல்லுங்க" என்றார் சலோமியக்கா. அதற்கடுத்த வாரமும் அதேதான். பெண்கள் சங்கச் செயலாளர் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "உயிரோடு இருக்காரே, அதுக்காவது ஒரு ஸ்தோத்திரம் சொல்லக் கூடாதா?" "வாயில சொல்லிருவேனுங்க டீச்சர். மனசுல இல்லைன்னு ஆண்டவருக்குத் தெரியாதுங்களா?" அக்கா ஜெபிப்பதோ அதைவிட மோசம். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தவர் போல, "ஏனுங்க ஆண்டவரே, போன வாரமே கேட்டேனுங்களே, நொம்ப நாளாச்சே, பாத்தீங்களா இல்லீங்களா?" என்பார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

ஒருமுறை சேலத்திலிருந்து பிரசங்கியார் ஒருவர் வந்து, அண்ணன் தலையில் கை வைத்து, "இந்த மாதமே எழுந்து நடப்பீர்" என்று அறிவித்தார். நாங்களெல்லாம் அல்லேலூயா சொன்னோம். அக்கா மட்டும், "எந்தத் தேதிங்க ஐயா? களத்துல லீவு சொல்லணும்" என்று கேட்டார். கேலியே இல்லை, நிஜமாகவே கேட்டார். ஐயா காப்பி குடிக்காமலே ஜீப் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அக்காவைச் சமையலறைக் கதவோரம் கடைசியாக உட்கார வைப்பேன். சுற்று அவரிடம் போகும் முன்பே பாட்டை எடுத்துவிடுவேன். மூன்று மாதம் இப்படி நடந்தது. அவருக்கு அது தெரியும். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமைகூட வராமல் இருக்கவில்லை. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு என் மகள் ரூத் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயது. சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில், கொண்டை ஊசி வளைவில், என் மடியிலேயே போனாள். வந்தவர்கள் எல்லோரும் ஆண்டவர் சித்தம் என்றார்கள். இத்தனை வருடம் நானும் பிற வீடுகளில் சொன்ன வார்த்தைதான் அது. கேட்கக் கேட்க உடம்பெல்லாம் எரிந்தது. பைபிளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆறாவது வாரம் சலோமியக்கா வந்து கதவைத் தட்டினார். ஆறுதல் சொல்ல வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் பாட்டுக்கு வாசல்படியில் உட்கார்ந்தார். நான்தான் வாய் திறந்தேன். "அக்கா, மேல யாருமே இல்லைன்னு தோணுது." அவர் திடுக்கிடவில்லை. "அதையும் அவருகிட்டயே சொல்லுங்க டீச்சர். எங்கிட்டச் சொல்லி என்னாவப் போவுது?"

சொன்னேன். அந்த வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், ஆண்டவரை நான் கேட்ட கேள்விகளை இதழில் அச்சிட முடியாது. திட்டி முடித்தேன். "ஆமென்" என்று உரக்கச் சொன்னார் அக்கா. "இன்னிக்குக் கூட்டம் தாசு ஊட்டுல. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க." போனேன். சுற்று வந்தபோது எனக்கும் ஒன்றுமில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பதினான்கு வருடம் கேட்டும் அண்ணன் எழுந்து நடக்கவில்லை. அதை ஆண்டவரின் நன்மைக்குச் சாட்சியாக மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை, அக்காவும் விட்டிருக்க மாட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கோபம் வந்தாலும் ஆண்டவரை விட்டுப் போகாமல், அவரிடமே போய்ச் சண்டை போடும் பழக்கம். என் விசுவாசம் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான்.

அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஆசீர்வாதம் அண்ணன் என்னை ஜெபிக்கச் சொன்னார். அக்காவின் வாழ்வுக்காக நன்றி சொல்ல வேண்டும், அதுதான் முறை. எனக்கு வரவில்லை. நேரத்துக்கு நேரம் புரட்டிப் போடாவிட்டால் இவர் முதுகு புண்ணாகிவிடுமே, அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டீரே, இனி யார் புரட்டுவது என்று சத்தமாகவே கேட்டேன். ஆமென் சொல்லிவிட்டு, நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்தோம்.