மிஸ்ஸியின் ஏழு காரணங்கள்

பயண முகவர் நிலையத்தில் வேலை செய்பவனுக்கு உலகம் முழுக்க அத்துப்படி என்று சனம் நினைக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய மாடிப்படியும், விசா விண்ணப்பத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்றிருந்த ஒரு கட்டமும்தான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் படியேறி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இளந்தாரிகள். அவர்களுடைய நோக்கம் எனக்கும் தெரியும், விசா கொடுப்பவருக்கும் தெரியும். ஆனால் கட்டத்துக்குள் 'உயிர் தப்ப' என்று எழுதினால் விசா கிடைக்காது. ஆகவே எல்லோருக்கும் 'சுற்றுலா' என்றே எழுதினேன். படிவம் நிரப்பியே விரல் காய்த்த என் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. ஐரோப்பாவின் கிழக்கே ஒரு சின்ன நாடு அப்போது சுலபமாக விசா கொடுத்தது. அங்கே போய் இறங்கி, பிறகு எப்படியாவது ஜேர்மனிக்கோ பிரான்ஸுக்கோ கடந்துவிடுவார்கள். அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். நாங்கள் அதன் பெயரைக் கெடுத்தது போதும்.

திரும்பி வர விரும்பியவர்

எண்பத்து நாலு தொடக்கத்தில் ஒரு காலை, குடையை மடக்கிக்கொண்டு கிரேஸ் மிஸ்ஸி வந்தார். எங்கள் ஊரில் ஆஸ்பத்திரித் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பண்டத்தரிப்பு வேதக்காரக் குடும்பம், கலியாணம் முடிக்காதவர், ஐம்பத்து மூன்று வயது. அந்த நாட்டுக்குப் போகவேண்டும் என்றார். "ஆரை அனுப்பப் போறியள்?" என்று கேட்டேன். "என்னைத்தான்" என்றார். "அங்கையிருந்து எங்கை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அங்கையிருந்து பண்டத்தரிப்புக்கு" என்றார். நான் படிவத்தைத் தேடுகிற சாட்டில் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் சில மாதம் வேலை செய்த அந்நாட்டு டொக்டர் அம்மா ஒருவர் மிஸ்ஸிக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். ஏன் போகவேண்டும் என்று மிஸ்ஸி விரல் மடித்துச் சொன்னார். லண்டனில் ஒரு கிழமை தங்குகிற செலவில் அங்கே ஒரு மாதம் தங்கலாம். ஒருவரும் போகாத நாடு என்பதால் போனவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். காலையில் மலையும் பின்னேரம் கடலும் பார்க்கலாம். வெந்நீர் ஊற்றுகள் உண்டு. சுவர் முழுக்கச் சித்திரம் எழுதிய பழைய கோயில்கள் உண்டு. பாணும் தயிரும் மலிவு, அதுவே அமிர்தம். ஏழாவது, வைகாசியில் ரோசாத் தோட்டங்கள் பூக்கும்; ஊர்ச்சனம் கூடை கட்டிக்கொண்டு விடியற்காலையில் பூ ஆயப் போகும். அந்த வருசம் லீவு கிடைக்குமோ தெரியாது, விசாரித்துவைக்கத்தான் வந்தேன் என்றார். படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "சாகிறதுக்கு முதல் அந்தப் பூ ஆயிறதை ஒருக்காப் பாத்திட்டு வரவேணும், தம்பி. வேறை ஒண்டுக்குமில்லை."

றோணியோத் தாள்

அடுத்த கிழமை கோப்பாய்ப் பெடியன் ஒருவன் கொழும்பில் விசா கேட்கப் போய், ஏன் எங்கள் நாட்டைத் தெரிவு செய்தாய் என்ற கேள்விக்கு, "எல்லாரும் போகினம்" என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். எனக்கு மிஸ்ஸியின் விரல்கள் ஞாபகம் வந்தன. அன்றைக்கே ஏழு காரணங்களையும் ஆங்கிலத்தில் தட்டி, ஸ்டென்சில் வெட்டி, றோணியோ மெசினில் ஐம்பது பிரதி எடுத்தேன். மிஸ்ஸியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. கள்ளனுக்கு அப்படியெல்லாம் தோன்றுவதில்லை.

நான் விசா அதிகாரியாக நடிப்பேன். பெடியன்கள் தாளைப் பாடமாக்கி ஒப்பிப்பார்கள். கோப்பாய்ப் பெடியனின் தகப்பன் போயிலைத் தோட்டக்காரர். மகனுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் குந்தியிருந்து, மலை, கடல், வெந்நீர், தயிர் என்று நான் தமிழில் விளக்கியதையெல்லாம் கவனமாகக் கேட்டார். கடைசியில் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "உவ்வளவு நல்ல நாடெண்டால், உவன் ஏன் அங்கை நிக்காமல் ஜேர்மனிக்குப் போகவேணும்?"

சேர்டிபிக்கேட்டுகள்

இரண்டு கிழமை ஊர் பார்க்கப் போகிறவன் என்னென்ன கொண்டுபோவான்? உடுப்பு, கமரா, தொப்பி. நம்மவன் என்ன கொண்டுபோவான் என்று உங்களுக்குத் தெரியும். பிறப்பத்தாட்சி, ஓ லெவல், ஏ லெவல், அதிபர் தந்த நற்சான்றிதழ், நூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டாம் இடம், இவற்றுக்கு மேலே சாதகக் குறிப்பு. ஒரு துண்டுக் கடதாசியும் கொண்டுபோகவேண்டாம் என்று ஒவ்வொரு தாய்க்கும் தலைதலையாய் அடித்துச் சொல்வேன்.

ஒரு தாய் தலையாட்டிவிட்டுப் போய், எல்லாவற்றையும் சூட்கேஸின் உள்துணியைப் பிரித்து அடியில் வைத்துத் தைத்துவிட்டார். விமான நிலையத்தில் தையலைக் கண்டு பிரித்தார்கள். சுற்றுலாப் பயணிக்கு ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை எதற்கு என்று கேட்டார்களாம். பிள்ளை பிளேனைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு வந்தான். நான் தாயின் மேல் பாய்ந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்து, அவர் நிமிர்ந்து பார்த்தார்: "வீட்டிலை வைச்சால், நாளைக்கு வீடு இருக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும், தம்பி?"

லீவு

எண்பத்தைந்து சித்திரையில் மிஸ்ஸி திரும்ப வந்தார். வாங்கில் ஆறேழு பெடியன்கள் தாளும் கையுமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் மேசையில் கிடந்த தாள்களை அவசரமாகக் கொப்பிக்குக் கீழே தள்ளினேன். மிஸ்ஸி கவனிக்கவில்லை. இந்த முறையும் லீவு இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தார். வார்ட்டில் கட்டில் போதாமல் காயக்காரரை நிலத்தில் பாய் போட்டுக் கிடத்துகிறார்களாம். அவருடைய வெள்ளைச் சப்பாத்தின் ஓரம் பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. ஆனாலும் முகத்தில் சோர்வைக் காட்டவில்லை: "வாற வருசம் எனக்குப் பென்சன். பிறகு வைகாசியையும் என்னையும் ஆர் மறிக்கிறதெண்டு பாப்பம்."

நேர்முகம்

பென்சன் வந்தது. எண்பத்தாறு பங்குனியில் அவருடைய படிவத்தை என் வாழ்க்கையிலேயே இல்லாத கவனத்தோடு நிரப்பினேன். 'சுற்றுலா' என்று எழுதும்போது முதல்முறையாகக் கை கூசவில்லை. அவருடைய வாய்க்குத் தாள் வேண்டியதில்லை என்று சந்தோசப்பட்டேனே தவிர, அந்தத் தாள் அவருக்கு முன்னால் கொழும்புக்குப் போய்விட்டது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மிஸ்ஸி ரயிலேறிப் போனார். நாலாம் நாள் திரும்பி வந்து, என் முன்னால் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். என்னுடைய றோணியோத் தாள்.

அதிகாரி ஏன் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். மிஸ்ஸி விரலை மடித்து மூன்று காரணம் சொல்லியிருக்கிறார். மிச்சம் நாலையும் அதிகாரியே வரிசை பிசகாமல் சொல்லி முடித்துவிட்டு, யாரோ ஒரு பெடியனிடம் பறித்த இந்தத் தாளை மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். வயதானவர்களையும் அனுப்பத் தொடங்கிவிட்டீர்களா என்று கேட்டாராம். பாஸ்போர்ட்டில் மறுப்பு முத்திரை குத்தியாயிற்று. மிஸ்ஸி அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. "நான்தான் செய்தனான், மிஸ்ஸி. உங்களைக் கேளாமல் செய்தனான்" என்றேன். "இதைச் சொல்லி எத்தினை பேர் போனவை?" என்று கேட்டார். "நாப்பத்தொரு பேர்." அவர் தாளைத் திரும்ப எடுத்து, ஏழாவது வரியை வாசித்தார். கோபமாக நாலு வார்த்தை பேசுவார் என்று காத்திருந்தேன். பேசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்: "அதுகள் தப்பினதே போதும். அதிலை ஒருத்தராவது அந்தப் பூவைப் பாத்தவையோ எண்டு எழுதிக் கேளும்."

எழுதிக் கேட்டேன். விலாசம் கிடைத்த ஒன்பது பேருக்கும் எழுதினேன். பதில் போட்ட நாலு பேரும் பூவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தம்பிக்கும் மச்சானுக்கும் அந்தத் தாளில் ஒன்று எடுத்து வைக்கும்படி எழுதியிருந்தார்கள். மிஸ்ஸியிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவரும் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

அந்த மேசையில் இருந்து நான் 'சுற்றுலா' என்று எழுதிக் கொடுத்த அத்தனை பேரிலும் உண்மையான சுற்றுலாப் பயணி ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரைத்தான் என்னால் அனுப்ப முடியவில்லை.