காரணம் சொல்லாத லீவு

போன வாரம் கும்மிடிப்பூண்டி பஜாரில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது சர்க்கரை தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியது. அடுத்தவர் அடுப்பில் என்ன தீய்கிறது என்று எட்டிப் பார்க்காமல் போகும் பெருந்தன்மை எனக்கு எந்த வயதிலும் வாய்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன். புதிதாகத் திறந்த மிட்டாய்க்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே கருகி உள்ளே வெளுத்து, செங்கல் கனத்தில் ஒரு கட்டி. கடைக்காரர் அதன் பெயரைச் சொல்லும் முன் நானே சொல்லிவிட்டேன்: "சேனா போடா." அவர் முகம் மலர்ந்துபோயிற்று. ஒடிஷாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, ஒடிஷாதான் இங்கே வந்திருந்தது என்று சொல்லிக் கால் கிலோ வாங்கிக்கொண்டேன்.

பாலைத் திரித்தெடுத்த கட்டியில் சர்க்கரை பிசைந்து, வாழையிலையில் பொதிந்து, தணலில் மெதுவாகக் கருக விடுவார்கள். அவர்கள் மொழியில் போடா என்றால் சுட்டது. எங்கள் ஆலை வாசலில் டீக்கடை வைத்திருந்த மேரியக்காவுக்கு இது தெரியாது. முதல்முறை ஓர் ஒடிஷாத் தொழிலாளி இலையை நீட்டி அதன் பெயரைச் சொன்னதும், "பொம்பளையப் பாத்து போடான்றியா?" என்று கரண்டியை ஓங்கிவிட்டார். விளங்கிய பிறகு அதிகம் தின்றவரும் அவர்தான்.

ஆலை என்றேனே, அது இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. படிப்பு முடிந்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்துவிடுவேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் சேற்றில் நின்று வேலை செய்தவர்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காரும் வேலை எனக்குத்தான் முதலில் கிடைத்தது. அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பேனு கீய வேல" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

வேலை டைம் ஆபீஸில். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பது. அடுத்தவர் சங்கதியில் ஆர்வம் உள்ளவளுக்குச் சம்பளமும் கொடுத்து அதையே செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? சேர்ந்த சில மாதங்களிலேயே யாருக்குப் பல்வலி, யாருக்கு மைத்துனர் கல்யாணம் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. பிடிபடாமல் இருந்தவர் ஒரே ஒருவர். சுதர்சன்.

ஒடிஷாக்காரர்கள் அவரை சுதர்சன் பாய் என்பார்கள். அவர்களிடம் பாய் என்றால் அண்ணன். நெடிய உருவம், சிரித்த முகம். உலைக்குப் பக்கத்தில், சிவந்து ஓடிவரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. கை தேர்ந்தவர், அடுத்த ஆபரேட்டர் அவர்தான் என்று ஷெட்டுக்குள் பேச்சு இருந்தது. ஆனால் திடீரென்று காணாமல் போய்விடுவார். ஒரு வாரம் கழித்து, கண்கள் உள்ளே போய், அதே சிரிப்போடு வந்து நிற்பார். ஏன் வரவில்லை என்று கேட்டால், "சொந்த வேலை மேடம்." அவ்வளவுதான். அவருக்கு இரண்டு குடும்பம் என்று நான் முடிவு கட்டினேன். எனக்கு அடுத்த நாற்காலிக்காரர், இல்லை, எங்கோ இவருக்கு ஒரு கேஸ் நடக்கிறது என்றார். சாப்பாட்டு நேரத்தில் இதை வைத்து நாங்கள் இருவரும் பந்தயம் கட்டாத குறை.

எங்கள் மேனேஜர் ராகவன் சார் திருவள்ளூர்க்காரர். அவர் வீட்டார் தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்பவர்கள். நெற்றி நிறையத் திருமண், அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட். கடுமையானவர் இல்லை, ஆனால் மேலிடம் சொன்னால் மறுக்க மாட்டார். அந்த வருஷம் மேலிடம், அடிக்கடி வராதவர்களைக் கழித்துக்கட்டு என்றது. சுதர்சனை நீக்கும் உத்தரவு அவர் மேஜைக்கு வந்துவிட்டது. ஒடிஷாக்காரர்கள் தங்கள் கருவிகளை வைத்துக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜை நெருங்கியிருந்தது. பண்டிகை நேரத்தில் கொடுக்க மனம் வராமல், முடிந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் வைத்திருந்தார்.

அப்போதுதான் ஒடிஷாக்காரர்கள் சங்கத்திலிருந்து சலவைச் சட்டை போட்ட மூன்று பேர் ஆபீஸுக்கு வந்தார்கள். பூஜையன்று சாயங்காலம் அவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்து மைதானத்தில் கூட்டம் இருக்கிறது, அந்த வருஷம் தங்கள் ஆட்களில் நல்லது செய்தவர்களை அழைத்து மரியாதை செய்வோம், சார்தான் தலைமை தாங்க வேண்டும் என்றார்கள். ராகவன் சாருக்கு மைக் என்றால் உயிர். உடனே ஒப்புக்கொண்டார். நானும் தொற்றிக்கொண்டேன். கடையை மூடிவிட்டு மேரியக்காவும் வந்தார்.

கவரைப்பேட்டைக்குப் போகும் வழியில் லைன் வீடுகள், அவற்றின் பின்னால் மைதானம். தார்ப்பாய்ப் பந்தல், காகிதத் தோரணம், நடுவில் விஸ்வகர்மா சிலை. சிலையின் காலடியில் இடுக்கி, சுத்தியல், ஸ்பேனர், எல்லாவற்றிலும் சந்தனம். பெண்கள் தனியே ஒரு பக்கம் பாய் விரித்திருந்தார்கள். எங்களுக்கு மட்டும் நாற்காலி. முதலில் மேடைக்கு அழைக்கப்பட்டவள் மமதா என்ற பெண். அவள் அப்பா கிரேன் ஓட்டுபவர். இங்கேயே தமிழில் படித்து, பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தில் பள்ளியிலேயே முதலாக வந்திருந்தாள். அவளுக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். கொடுத்த கையோடு, எங்களுக்காக மொழிபெயர்க்கும் வேலையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அடுத்து, ரத்தம் கொடுத்தவர்கள். கைகுலுக்கிக் குலுக்கி ராகவன் சார் உற்சாகமாகிவிட்டார்.

அப்புறம் ஒரு பெயர் சொன்னார்கள். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. தலையைக் குனிந்தபடி மேடைக்கு வந்தவர் சுதர்சன்.

நான் ராகவன் சாரைப் பார்த்தேன். அவர் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அவர்கள் சங்கத்துச் செயலாளர் நெடுநேரம் பேசினார். மமதா சின்னதாகச் சொன்னாள். இங்கே உடம்புக்கு முடியாமல் போகிறவர்களை ஊரில் கொண்டுபோய் வீட்டாரிடம் சேர்ப்பது இவர்தானாம். காய்ச்சலோ, காமாலையோ, கை நசுங்கியதோ, முன்பதிவில்லாத பெட்டியில் எப்படியாவது ஓர் இடம் பிடித்து, நோயாளியைப் படுக்க வைத்து, இவர் நின்றுகொண்டே போவாராம். அப்படிப் போனவர்களில் பிழைத்துத் திரும்பியவர்களை மேடைக்கு வரச் சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லாம் நான் தினமும் பார்க்கிற முகங்கள். கடைசியாக, கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்து வந்தாள். அவள் கணவனை அழைத்துப்போனபோது, ராஜமுந்திரி வருவதற்குள் இவர் மடியிலேயே உயிர் போய்விட்டதாம். முன்பின் தெரியாத அந்த ஊரில் இறங்கி, உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை உடலைத் தனியே விடாமல் உட்கார்ந்திருந்தாராம். அவள் குழந்தையைச் சுதர்சன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

மேரியக்கா என் காதில், "இந்த மனுசனையா நீங்க ரெண்டு பொண்டாட்டிக்காரன்னு சொல்லிக்கினு இருந்தீங்க?" என்றார். நல்லவேளை, மமதா அதை மொழிபெயர்க்கவில்லை.

ராகவன் சார் சால்வையைப் போர்த்தினார். மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து, மெதுவாகக் கேட்டார்: "ஏன்யா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

சுதர்சன் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார். "காரணம் சொன்னா, யாருக்கு சீக்குன்னு கம்பெனிக்குத் தெரியும் சார். அவன் நல்லாயி திரும்பி வந்தா, வேலை குடுக்க மாட்டீங்க."

அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. ஆலைக்காரர் முன்னால் இப்படி உடைத்துச் சொல்லிவிட்டாரே என்று முன்வரிசையில் ஒரு சலசலப்பு. ராகவன் சார் பேச வேண்டிய நேரம் வந்தது. மைக்கைப் பிடித்தார், நமஸ்காரம் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சின்னதாக அவர் பேசி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதவர், இலையில் வந்த சேனா போடாவை மறுக்காமல் வாங்கித் தின்றார்.

மறுநாள் காலை இழுப்பறையைத் திறந்து அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு பெரிய ஆபீஸுக்குப் போனார். போனவர் மதியம் தாண்டித்தான் வந்தார். உள்ளே என்ன பேசினார் என்று அறிய நான் செய்த முயற்சிகளை இங்கே சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். முடிவு மட்டும் தெரிந்தது. வேலை போகாது, ஆனால் நம்பி உலைப் பக்கம் நிறுத்த முடியாது. லோடிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் ஏற்றுவார். ஆபரேட்டர் ஆகும் பேச்சு அதோடு நின்றது. சுதர்சனிடம் இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். வருத்தமா என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்தால் அது நானா? கம்பிச் சூடு இல்லாமல் இனிமேல் கொஞ்சம் தூங்கலாம் என்றார். சிரிக்க முயன்றார், முழுதாக வரவில்லை. இடுக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருமுறை பிடியைத் துடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் கிளம்புவதற்கு முன் எங்கள் மேஜைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். யாருக்கு என்று ராகவன் சார் கேட்டதே இல்லை. "எந்த ஊர்?" என்பார். சுதர்சன் ஊர்ப்பெயரைச் சொல்வார். கஞ்சாம், பாலங்கிர், கேந்திரபாடா என்று நான் ஒடிஷாவைத் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

கம்பி ஏற்றி ஏற்றி முதுகு விட்டுப்போன பிறகு சுதர்சன் ஊரோடு போய்விட்டார். அன்றைக்கு அவரைக் கொண்டுபோய் விட இரண்டு பேர் கிளம்பினார்கள். வீணாக லீவு எடுக்காதீர்கள் என்று ரயில் ஏறும்வரை அவர்களைத் திட்டிக்கொண்டே போனார். ராகவன் சார் ஓய்வு பெற்றார். சாலையை அகலமாக்கியதில் மேரியக்காவின் கடை போயிற்று. மமதா கல்யாணமாகி ஹைதராபாத்தில் இருக்கிறாள் என்று கேள்வி. லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள், மைதானத்தில் இப்போது சரக்குக் கிடங்கு. ஆட்கள் முன்பைவிட அதிகமாகத்தான் வருகிறார்கள். காண்டிராக்டர் கட்டிய மாடிக் கட்டடங்களில் கேட்டுக்குள் இருக்கிறார்கள், சில மாதங்களில் வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் எந்த ஊர் என்று தெரிந்துகொள்வதற்குள் படுக்கை மாறிவிடுகிறது. கூட்டம் போட, யாரையாவது மேடைக்கு அழைக்க, அங்கே யாருக்கு யாரைத் தெரியும்?

சில மாதங்களுக்கு முன், மத்தியான வேளையில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சென்னை வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர், வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். காலடியில் பை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஊருக்கு, பாலங்கிர் என்றார். சென்ட்ரல் போய்த்தான் அந்த ரயில் ஏற வேண்டும். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை போலிருக்கிறது. இரண்டாம் முறை, ஜாடையோடு கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து போனை எடுத்துக் காட்டினார். திரையில் அவருடைய அண்ணனோ யாரோ, ஒரு வாசலில் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வண்டி வந்தது. பையை நான் தூக்கிக் கொடுத்தேன், போனை முன்னால் பிடித்தபடி அவர் ஏறினார். சென்ட்ரல் வரை எதிர் சீட்டில் உட்கார்ந்து போனேன். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.